கோர்டனின் துப்பாக்கிக்கு றெயில் பூட்டிய கதை

நான் இருபத்திரண்டு வருடம் துப்பாக்கிக் கடையில் வேலை செய்தவன் என்பது, எங்கள் சொந்தக்காரரில் பாதிப் பேருக்கு என்னுடைய ஓய்வு விருந்தில்தான் தெரியவந்தது. அதுவரை அவர்களுக்கு நான் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் அருள். அந்தப் பொய்யை வருடக்கணக்காகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் என் மனைவி ரெஜினா. அதைப் போட்டு உடைத்தவர், கடையில் முன்மேசைக்குப் பொறுப்பாக என்னோடு வேலை செய்த நிஸாம். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடி மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, “அருள் அண்ணன்ட கை படாத வேட்டைத் துவக்கு இந்தப் பக்கத்தில குறைவு” என்று பெருமையாகச் சொன்னார்.

ரெஜினாவின் பெரியம்மா கடித்த மட்டன் ரோல்ஸைத் தட்டில் திரும்ப வைத்தார்.

“துவக்கோ?”

“ஓம் அன்ரி, துவக்குத்தான்” என்று நிஸாம் அதையும் ஒலிவாங்கியிலேயே உறுதிப்படுத்தினார்.

அதன் பிறகு என்னை யாரும் சாப்பிட விடவில்லை. எல்லோருக்கும் விளக்கம் தேவைப்பட்டது. நான் துப்பாக்கி செய்தவனும் அல்ல, விற்றவனும் அல்ல. துப்பாக்கியின் மரத்துக்கு மட்டும் பொறுப்பானவன் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியாக, இப்போது என் வாங்கில், அதாவது நான் நின்ற வேலைமேசையில், வேலை செய்யும் ஷரோன் என்ற பிள்ளை வந்தாள். இங்கே பிறந்தவள். இந்தக் காலத்தில் முக்காலியில் பூட்டும் றெயில், பிடங்கு என்கிற துப்பாக்கி மரத்தோடு சேர்ந்தே தொழிற்சாலையிலிருந்து வந்துவிடுகிறது. பழைய வேலைப் புத்தகத்தில் ஒரே ஒரு றெயிலுக்கு நான் ஒன்றரை மாதம் எடுத்ததாக இருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

“அங்கிள், சீரியஸ்லி? நாலு ஸ்குரூதானே?”

அவளுக்கு அன்று மண்டபச் சத்தத்தில் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் ஊர்காவற்றுறையில் வள்ளம் கட்டிய குடும்பம். நானும் பத்து வருடம் கட்டினேன். பிறகு கட்டிய வள்ளத்தை விட ஓடிய வள்ளமே உதவும் என்ற காலம் வந்தது. ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குள் ஆறு பேராக இருந்தேன், கோப்பை கழுவினேன், தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, அது மூடப்படும்வரை கதிரைக் கால் கடைந்தேன். அதன் பிறகு பத்திரிகையில் ஒரு விளம்பரம்: “வால்நட் மரத்தில் அனுபவமுள்ளவர் தேவை.” எனக்கு வால்நட்டில் அனுபவம் இல்லை. போனேன். உள்ளே சுவர் முழுக்கத் துப்பாக்கி. அகதி விசாரணையில் துப்பாக்கிக்குப் பயந்து வந்தவன் என்று சத்தியம் செய்த மனுஷன் நான். திரும்பி வெளியேறக் கதவில் கை வைத்துவிட்டேன்.

“துப்பாக்கி அவர்களுடையது. உனக்கு மரம் மட்டும்தான்” என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

அவர்தான் ஹெல்வி, பட்டறையின் தலைவி. எஸ்தோனியாவில் பிறந்து, இரண்டாம் உலகப்போரின் முடிவில் சிறுபிள்ளையாகப் படகில் தப்பி வந்தவர். உயரம், எலும்பு, நரைத்த பின்னல், கோடையிலும் கம்பளித் தொப்பி. அவர் பேசிய ஆங்கிலத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவருடைய சுருக்கம் மட்டும் எந்த மொழியிலும் வராது. அவர் என்னிடம் ஒரு மரத்துண்டைத் தந்து, “இது எங்கே முதலில் வெடிக்கும்?” என்று கேட்டார். வெட்டுமுகத்தை நாக்கால் நனைத்து, ரேகை ஓடும் பக்கத்தைப் பார்த்து, விரலை வைத்தேன். அவர் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“நாளைக்கு வா. மரத்தை நக்காதே. தண்ணீர் இருக்கிறது.”

வேலைக்குத் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. வகுப்பும் பரீட்சையும் சுலபம். கஷ்டமாக இருந்தது விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்து வைக்கும் பகுதி. ரெஜினா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

“உங்களால எனக்கு ஏதும் பயம் இருந்தா அறிவிக்கட்டாம். ஒரு படம் கொழுவ ஆணியடிக்கச் சொன்னா மூண்டு கிழமை யோசிக்கிற ஆளுக்கு நான் என்னத்துக்குப் பயப்பிடுறது?”

கையெழுத்து வைத்தாள். அன்று முதல் சொந்தக்காரருக்கு நான் ஹார்ட்வெயார்காரன் ஆனேன்.

ஹெல்வியிடம் “நல்லது” என்ற சொல் கிடையாது. வேலை மிகத் திறமாக இருந்தால் “போதும்” என்பார். திறமில்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அந்தத் துண்டை மறுபடியும் உங்கள் வாங்கில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். ஒரு துப்பாக்கி உள்ளே வந்தால் அது வெறுமையாக இருக்கிறதா என்று நிஸாம் பார்க்க வேண்டும், பிறகு ஹெல்வி, பிறகு நான். ஒருவர் பார்த்ததை மற்றவர் நம்பக் கூடாது. நிஸாம் இதைச் சாட்டாக வைத்து, நான் கொண்டுபோகும் சோற்றுப் பெட்டியையும் மூன்று பேர் திறந்து பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்.

ஆனால் ஹெல்வியின் பெரிய சட்டம் காலையில் கேட்கும் ஒரு கேள்வி. “நித்திரை கொண்டாயா?” இல்லை என்று சொன்னால் அன்று துளைபோடும் இயந்திரத்தைத் தொட முடியாது. மண்கடதாசியால் தேய்க்கும் வேலை மட்டும். ஏன் நித்திரை இல்லை என்று கேட்க மாட்டார்; காரணத்தால் மரத்துக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம் சித்திரை மாதத்தில் கோர்டன் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி. முந்திய குளிர்காலத்தில் பாரிசவாதம் வந்து இடது கை பலம் இழந்துவிட்டது. தகப்பனின் வேட்டைத் துப்பாக்கியைப் பிள்ளையை ஏந்துவதுபோல வலது கையால் அணைத்துக் கொண்டுவந்தார். இடது கையால் தாங்க முடியாது. ஆகவே நிலத்தில் ஊன்றிய முக்காலியில் பூட்டிச் சுட வேண்டும். அதற்கொரு றெயில் வேண்டும்.

றெயில் என்றதும் ரெஜினாவும் முதலில், “துவக்கில ரெயில் ஓடுறதோ?” என்றுதான் கேட்டாள். அது ஒரு சாண் நீளமான அலுமினியப் பட்டை. துப்பாக்கிக் குழலுக்குக் கீழே கை ஏந்திப் பிடிக்கும் இடத்தை முன்மரம் என்போம். அதன் அடியில் அந்தப் பட்டையைப் பூட்டினால், முக்காலியின் தலையிலுள்ள கவ்வி அதைப் பிடித்துக்கொள்ளும். மரத்தில் துளை போட்டு, உள்ளே புரி வெட்டிய சிறு பித்தளைக் குழாய்களை இறக்கி, அவற்றில் பட்டையை ஸ்குரூவால் முறுக்க வேண்டும். துளை ஒரு மயிரளவு சரிந்தால் பட்டை சரியும்; பட்டை சரிந்தால் துப்பாக்கி ஒரு பக்கம் பார்க்கும், வேட்டைக்காரர் இன்னொரு பக்கம் பார்ப்பார். துளை கூட ஆழமாகப் போனால் குழல் கிடக்கும் பள்ளத்துக்குள் வெளியே வந்துவிடும். குழலை மரமோ உலோகமோ எங்கும் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் தேயிலைப் பையின் கடதாசி உறையைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டு, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை இழுத்துப் பார்ப்பார் ஹெல்வி. உறை எங்காவது தடக்கினால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

கோர்டனின் முன்மரத்தின் அடியில், றெயில் வர வேண்டிய சரியான இடத்தில், கத்தியால் செதுக்கிய இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தன. டபிள்யூ, எச். விளிம்புகள் கைபட்டுப் பட்டு வழுவழுத்துப் போயிருந்தன.

“தகப்பனுடைய எழுத்து” என்றேன் ஹெல்வியிடம்.

“தகப்பனுடைய எழுத்துத்தான்” என்றார் அவரும். எங்கள் இருவருக்கும் அதில் சந்தேகமே இருக்கவில்லை. ஒரு மகனுக்குத் தகப்பனின் எழுத்தை மறைக்கக் கூடாது என்று தீர்மானித்தோம். பட்டையை முன்னுக்குத் தள்ளிப் பூட்டுவது என்று முடிவாயிற்று. முன்னுக்குப் போகப் போக மரம் மெல்லியதாகும். நான்கு நாள் அளந்தேன். கடதாசியில் மாதிரி வெட்டி ஒட்டினேன், உரித்தேன், மறுபடி ஒட்டினேன். இதெல்லாம் நான் விரும்பிச் செய்த வேலை. ஏனென்றால் அளக்கும் நேரத்தில் வேறெதையும் நினைக்கத் தேவையில்லை.

நினைக்க நிறைய இருந்தது. என் தங்கை மேரி, கணவனோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் வன்னியில் இருந்தாள். சண்டை கடற்கரையில் ஒரு துண்டு நிலத்துக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தது; அவர்கள் அதற்குள்தான் நின்றார்கள். கடைசியாக ஒரு செய்மதித் தொலைபேசியில், “பங்கருக்குள்ள இருக்கிறம் அண்ணை” என்று சொன்னதோடு குரல் அறுந்துபோனது. ரெஜினா ஒவ்வொரு நாளும் நகரத்துக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லி வீதியில் சனத்தோடு நின்றாள். வேலை முடிய நானும் போவேன். வீட்டுக்கு வந்தால் இருவரும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

காலையில் ஹெல்வி கேட்பார். “நித்திரை கொண்டாயா?”

“ஓம்” என்பேன். பொய். தேய்க்கும் வேலையை நினைத்துப் பயந்தேன். தேய்க்கும்போது கைக்கு மட்டும்தான் வேலை. தலை சும்மா இருக்கும்.

வைகாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, துளை போட்டேன். முதலில் மெல்லிய துளையலகு, பிறகு அடுத்தது, பிறகு கடைசி அளவு. அதுதான் முறை. நான் இரண்டாவதோடு நிறுத்திவிட்டேன். மூன்றாவதைப் போட்டதாகத் தலை சொல்லியது. பித்தளைக் குழாய் இறங்க மறுத்தது. மெழுகு பூசினேன். இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

“டிக்.”

சின்னச் சத்தம்தான். துளையிலிருந்து பின்னோக்கி, என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடி, அந்த டபிள்யூவை நடுவாகப் பிளந்துகொண்டு நின்றது.

உண்மையைச் சொல்கிறேன். என் முதல் நினைப்பு மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, எண்ணெய் பூசி மறைப்பது. என்னால் அதைச் செய்ய முடியும். பத்தில் ஒன்பது பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள். பத்தாவது ஆள் அப்போது என் பின்னால் நின்றார்.

ஹெல்வி குனிந்து பார்த்தார். இயந்திரத்தில் எந்த அலகு இருக்கிறது என்று பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“எத்தனை நாளாக நித்திரை இல்லை?”

“பதினொரு நாள்.”

“யார்?” என்றார். என்ன என்று கேட்கவில்லை.

“தங்கச்சி.”

ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். நான் அழுதேன். முன்மேசையிலிருந்து நிஸாம் எட்டிப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் ஒருவரிடம் பட்டறையில் தூசி பறக்கிறது, இப்போது உள்ளே போகக் கூடாது என்று சொன்னது காதில் விழுந்தது. ஹெல்வி தேநீர் கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். முடித்ததும் தொலைபேசியை எடுத்து என் கையில் வைத்தார்.

“இப்போது கோர்டனைக் கூப்பிடு. நீயே சொல்.”

மனுஷி இரக்கமில்லாதவர் என்று அப்போது நினைத்தேன். கோர்டனுக்கு என் ஆங்கிலம் விளங்க மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தரம் விளங்கியது. “திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை வருகிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமைதான் வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. இங்கே அன்று விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள் விடுமுறை. டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே, பொழுதுபட முன்னரே பிள்ளைகள் வாணம் விடத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் ரெஜினா கண்ணை மூடித் திறந்தாள். யன்னலைச் சாத்தினேன். அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. நிஸாம், ஒரு பெரிய அலுமினியத் தட்டு நிறையப் புரியாணியோடு நின்றார்.

நிஸாம் மன்னார் ஆள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தாயையும் ஒரு சூட்கேசையும் கொண்டு புத்தளத்துக்குப் போனவர். எங்கள் ஆட்கள் செய்த வேலை அது. பத்து வருடத்துக்கு மேல் ஒன்றாக வேலை செய்தும் அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. அன்று அவரை உள்ளே வரச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

“நிஸாம், நீர் இண்டைக்கு இஞ்ச வரத் தேவையில்லை.”

“தெரியும். அண்ணன்ட தங்கச்சிய எனக்குத் தெரியாது. சாப்பிடாம இருக்கிற மனுசரைத் தெரியும். வழி விடுங்க, தட்டு சுடுது.”

மூன்று பேரும் சாப்பிட்டோம். போகும்போது மேரியின் முழுப்பெயர், கணவன் பெயர், பிள்ளைகளின் வயது எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதி வாங்கிக்கொண்டார். எதற்கென்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை கோர்டன் வந்தார். முன்மரத்தை வாங்கி, வெடிப்பைப் பெருவிரலால் தடவினார். நான் பாடமாக்கி வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன்.

“உங்கள் தகப்பனுடைய எழுத்தை நான் பழுதாக்கிவிட்டேன்.”

கோர்டன் நிமிர்ந்து பார்த்தார். “எந்த எழுத்து?”

காட்டினேன்.

“இதுவா? இது அப்பாவுடையது இல்லையே. அவருடைய பெயர் ஏர்னெஸ்ட். அவர் வாங்கும்போதே இது இருந்தது. யாரோ ஒரு டபிள்யூ எச். அந்த ஆள் யாராயிருக்கும் என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.”

கோர்டன் மரத்தைத் திருப்பி, துளை விழுந்த இடத்தைப் பார்த்தார்.

“இதைக் காப்பாற்றத்தான் பட்டையை முன்னுக்குத் தள்ளினீர்களா? ஏன் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை?”

நான் ஹெல்வியைப் பார்த்தேன். ஹெல்வி கூரையைப் பார்த்தார். பிறகு அந்த எலும்பு மனுஷி குலுங்கத் தொடங்கினார். முதலில் இருமல் என்று நினைத்தேன். அத்தனை வருடத்தில் அவர் சிரித்து நான் கண்டதில்லை. ஆகவே அடையாளம் தெரியவில்லை.

“நாங்கள் இருவரும் மிகவும் மரியாதையான முட்டாள்கள்” என்றார் கோர்டனிடம்.

“எப்படித் திருத்துவாய்?” என்று கோர்டன் என்னைக் கேட்டார். சொன்னேன். வெடிப்பை நூலளவு விரித்து, தண்ணீர் போன்ற பசையை நுனிவரை ஓடவிட்டு, சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டி இறுகச் சுற்றி மூன்று நாள் வைக்க வேண்டும். உட்புறமிருந்து, வெடிப்புக்குக் குறுக்கே இரண்டு பித்தளை ஊசி இறக்க வேண்டும். போட்ட துளையை மரத்தால் அடைத்து, பட்டையை மரம் தடித்த, எழுத்து இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து பூட்ட வேண்டும். கைகளை ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லி முடித்த பிறகுதான், கால் மணித்தியாலமாக நான் தொலைபேசியை நினைக்கவில்லை என்பது தெரிந்தது. அதை நினைத்ததும் குற்றமாகவும் இருந்தது.

“அப்படியென்றால் பட்டை வெடிப்பை மூடிவிடும்” என்றார் கோர்டன்.

“ஓம். எழுத்தையும் மூடும்.”

“நல்லது. உன் பிழையை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கத் தேவையில்லை.”

அவர் போன பிறகு ஹெல்வி என் வாங்கில் மண்கடதாசியை வைத்தார். இரண்டு கிழமை தேய்த்தேன். நித்திரை வரவில்லை என்று ஒவ்வொரு காலையும் உண்மையைச் சொன்னேன். சைக்கிள் ரியூப் சுற்றிய முன்மரம் கை முறிந்த ஆள் மாதிரி என் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனி மாதம் பிறந்து சில நாளில் நிஸாம் பட்டறைக்குள் ஓடி வந்தார். கையில் அவருடைய செல்பேசி. அவருடைய மச்சான் புத்தளத்தில் லொறி வைத்திருப்பவர்; சண்டைக்குள்ளிருந்து வந்த சனத்தை அடைத்திருந்த செட்டிகுளத்து முகாமுக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு போகிறவர். நிஸாம் எழுதி வாங்கிய கடதாசி அவரிடம்தான் போயிருக்கிறது. லொறிக்காரர் ஆறு நாள், கறிமிளகாயும் பூசணியும் இறக்கிய இடமெல்லாம் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

“அண்ணன், தங்கச்சி இருக்கிறா. பிள்ளைகள் ரெண்டும் இருக்கு.” மூச்சு வாங்கியது. “மாப்பிள்ளை இல்லையாம். கடைசிக் கிழமை.”

நான் வாங்கைப் பிடித்துக்கொண்டேன். நிஸாம் என்னைப் பிடித்துக்கொண்டார். அன்று கடை ஒரு மணித்தியாலம் முன்னதாக மூடப்பட்டது. ஹெல்வி யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

அந்த இரவு நான் உடுப்புக்கூட மாற்றாமல் தூங்கினேன். காலையில் ஹெல்வி கேட்டபோது “ஓம்” என்றேன். என் கண்களைப் பார்த்துவிட்டு, துளைபோடும் இயந்திரத்துப் பூட்டின் திறப்பைத் தந்தார். மெல்லிய அலகு, அடுத்த அலகு, கடைசி அலகு. ஒவ்வொன்றையும் போட்ட பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டு மேசையில் படுக்கவைத்தேன். நான்கு பித்தளைக் குழாய்களும் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கின. பட்டையைப் பூட்டி, துப்பாக்கியைச் சேர்த்து, ஹெல்வியிடம் கொடுத்தேன். தேயிலை உறை நுனியிலிருந்து நுனிவரை ஓடியது.

“போதும்” என்றார்.

கார்த்திகையில், மான் வேட்டைக் காலம் தொடங்கிய கிழமையில், கோர்டன் கடைக்கு அழைத்து என்னைக் கேட்டார். ஒரு மரத்தடியில் முக்காலியை நிறுத்தி, துப்பாக்கியைப் பூட்டி, விடியற்காலையிலிருந்து காத்திருந்தாராம். நல்ல கொம்பன் மான் ஒன்று அறுபது அடிக்குள் வந்து நின்றதாம்.

“சுட்டேன். குறி பிழைத்துவிட்டது. அது ஓடவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி சுட்டேன். மறுபடி பிழைத்துவிட்டது.”

“றெயில் அசைந்ததோ?”

“உன் றெயில் கல்லுமாதிரி நின்றது. எனக்குத்தான் கை நடுங்கிவிட்டது. ஒரு வருடமாக நான் காட்டுக்குள் போகவில்லை, தெரியுமா?” சொல்லிவிட்டுச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் தோல்வியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த நேரம் மேரியை முகாமிலிருந்து விட்டிருந்தார்கள். மன்னாரில் கணவனின் தமக்கை வீட்டில் பிள்ளைகளோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்போம். கதைப்போம் என்பது பெயருக்குத்தான். நான் கேட்பேன், அவள் “ஓம்”, “இல்லை” என்பாள். அந்த ஞாயிறு எனக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே கோர்டனின் கதையைத் தொடங்கினேன். தொடங்கிய பிறகுதான், அதைச் சொல்வதென்றால் நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டுமே என்று உறைத்தது. ரெஜினா அடுப்படியிலிருந்து கண்ணைக் காட்டினாள். சொல்லிவிட்டேன். பயந்துபோனேன்; ஆனாலும் நிறுத்தவில்லை. ஒற்றைக் கை, முக்காலி, யாரோ ஒருவனுடைய எழுத்து, ஹெல்வியின் சிரிப்பு, திரும்பிப் பார்த்த மான், எல்லாவற்றையும் சொன்னேன்.

“ரெண்டு வெடியும் படேல்லையோ?” என்று மேரி கேட்டாள்.

“படேல்லை.”

“காயம் ஒண்டும் இல்லையோ?”

“ஒண்டும் இல்லையாம். நிண்டு பாத்திட்டு நடந்து போயிட்டுதாம்.”

“நடந்தோ?”

“ஓம். ஓடக்கூட இல்லையாம்.”

தொலைபேசியில் ஏதோ சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்து ரெஜினாவைக் கூப்பிட்டேன். ரெஜினா வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு தொலைபேசியை என் காதில் திரும்ப வைத்துப் பிடித்தாள்.

என் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள்.